கண்ணில் படாத இரண்டாவது ரயில்

ரயில் ஓட்டுநர் பணிக்கான நேர்காணலில் கேட்கப்படும் கேள்விகளுள் விண்ணப்பதாரர்களை மிகவும் திணற வைப்பவை நெருக்கடிநிலையைப் பற்றியவையே. சுரங்கப் பாதைக்குள் ஓடும் ரயிலில் புகை கிளம்பினால் என்ன செய்வீர்கள், இரண்டு நிலையங்களுக்கு நடுவே பயணி ஒருவர் மயங்கி விழுந்துவிட்டதாகத் தகவல் வந்தால் உங்கள் முதல் செயல் எது, இதுவரை பார்த்த வேலைகளில் ஆபத்தான சூழல் ஒன்றை எப்படிச் சமாளித்தீர்கள் என்பன போன்ற இந்தக் கேள்விகளை எதிர்கொள்ளும் பலர், தங்கள் துணிச்சலை மெய்ப்பிக்க வேண்டிய தருணம் வந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு, தீயை அணைக்க ஓடுவதாகவும் காயமுற்றவரைத் தூக்கிச் சுமப்பதாகவும் விடை சொல்கிறார்கள். ஆனால், தேர்வுக் குழுவினர் தேடுவது துணிச்சலை அன்று, சிந்தனையின் வரிசையை. தன் ரயிலுக்கு நேர்ந்த ஆபத்து தன் ரயிலோடு நின்றுவிடுவதில்லை, கண்ணில் படாத இன்னொரு ரயில் அதே தடத்திலோ பக்கத்துத் தடத்திலோ வந்துகொண்டிருக்கலாம் என்பது எந்த ஓட்டுநரின் மனத்தில் முதலில் எழுகிறதோ, அவரையே ரயில்வேயின் நூற்றாண்டுக்கால விபத்து வரலாறு நல்ல ஓட்டுநர் என்று அடையாளம் காட்டுகிறது.

இத்தகைய நேர்காணல் முறை பிரிட்டனில் நன்கு வேரூன்றியுள்ளது. அங்கே ரயில்வே அனுபவம் சிறிதும் இல்லாதவரும் பயிற்சி ஓட்டுநர் பணிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், செவிலியர், பேருந்து ஓட்டுநர், கிடங்குப் பணியாளர், படைவீரர் எனப் பல துறையினரும் போட்டியிடுகின்றனர். கவனக்குவிப்பு, எதிர்வினை வேகம், விதிகளைப் படித்து நினைவில் கொள்ளும் திறன் ஆகியவற்றை அளக்கும் உளவியல் சோதனைகளோடு நேர்காணலும் தேர்வின் ஒரு பகுதியாக அமைகிறது. அங்குள்ள ரயில் பாதுகாப்பு மற்றும் தரநிலை வாரியம், ஓட்டுநருக்குத் தேவையான 'தொழில்நுட்பம் சாராத திறன்கள்' என்று சிலவற்றை வகுத்துள்ளது. சூழலை உணர்தல், தகவல் பரிமாற்றம், முடிவெடுத்துச் செயல்படுதல், பணிச்சுமையைக் கையாளுதல், தன்னைத் தானே நெறிப்படுத்துதல் முதலியவை அவற்றுள் அடங்கும். இந்தியாவில் உதவி லோகோ பைலட் (உதவி ஓட்டுநர்) தேர்வு வேறு வழியில் செல்கிறது. எழுத்துத் தேர்வுகளும் கணினி வழித் திறனறி சோதனையும் உண்டு, நேர்காணல் கிடையாது. வழிகள் வேறானாலும் இரண்டு நாடுகளும் விடை தேடும் வினா ஒன்றுதான்: எதிர்பாராதது நிகழும்போது இந்த மனிதரின் மனம் எப்படி இயங்கும்?

நிற்பதற்கு வேண்டிய தொலைவு

நெருக்கடிநிலைக் கேள்விகளின் பின்னணியைப் புரிந்துகொள்ள, ரயில் எப்படி நிற்கிறது என்ற இயற்பியலை முதலில் அறிய வேண்டும். மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் ஓடும் ரயில் ஒரு விநாடிக்குச் சுமார் 44 மீட்டர் கடக்கிறது. பிரேக் போட்டதும் அதன் வேகம் விநாடிக்கு விநாடி 0.7 மீட்டர் வீதம் குறைவதாகக் கொண்டால், முழுவதுமாக நிற்பதற்கு ஏறத்தாழ 63 விநாடிகளும் 1,400 மீட்டர் தொலைவும் தேவைப்படும். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மேல் உருள்வதால் உராய்வு குறைவு. குறைந்த ஆற்றலில் பெரும் எடையை இழுக்க முடிவது இந்தக் குறைவினால்தான், விரைவாக நிறுத்த முடியாமற்போவதும் இதனால்தான். இலையுதிர் காலத்தில் தண்டவாளத்தில் விழும் இலைகள் சக்கரங்களுக்கு அடியில் நசுங்கி வழவழப்பான படலமாகப் படியும்போது உராய்வு மேலும் பல மடங்கு குறைந்துவிடுகிறது.

வளைவிலும் இருளிலும் மூடுபனியிலும் ஓட்டுநரால் சில நூறு மீட்டருக்கு மேல் பார்க்க முடியாது. நிற்பதற்கு வேண்டிய தொலைவு பார்வை எட்டும் தொலைவைவிடப் பல மடங்கு அதிகம் என்பதே ரயில் ஓட்டுதலின் அடிப்படை உண்மை. சாலையில் வாகனம் ஓட்டுபவர் கண்ணால் கண்டு நிறுத்துகிறார். ரயில் ஓட்டுநரோ, தமக்கு முன்னே பாதை காலியாக இருக்கிறது என்று சிக்னல் அளிக்கும் உறுதியை நம்பியே ஓட்டுகிறார். எனவே, பாதையில் ஏதேனும் கோளாறு நேர்ந்தால் அதை அறிந்த முதல் ஆள், அடுத்து வரும் ஓட்டுநருக்கு அதைத் தெரிவிக்காதவரை, அந்த உறுதி பொய்யாகவே இருக்கும். பின்னால் வருபவரிடம் எவ்வளவு திறமை இருந்தாலும், தடை கண்ணில் பட்ட பிறகு அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

இரண்டாவது மோதல் கற்பித்த பாடம்

1998 நவம்பர் 26 அன்று பஞ்சாபில் கன்னா என்னும் ஊருக்கு அருகே, தண்டவாளம் முறிந்ததால் கோல்டன் டெம்பிள் மெயிலின் பெட்டிகள் தடம் புரண்டு பக்கத்துத் தடத்தில் சாய்ந்தன. எதிர்த்திசையில் வந்த ஜம்மு தாவி–சியால்டா எக்ஸ்பிரஸ் அவற்றின்மேல் மோதியதில் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1995 ஆகஸ்ட் 20 அன்று, உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத் அருகே காளிந்தி எக்ஸ்பிரஸ் விலங்கு ஒன்றின்மேல் மோதி நின்றுவிட, அதே தடத்தில் தவறாக அனுமதிக்கப்பட்ட புருஷோத்தம் எக்ஸ்பிரஸ் பின்னாலிருந்து வந்து மோதி 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரு விபத்துகளிலும் முதல் நிகழ்ச்சி மட்டும் நடந்து முடிந்திருந்தால் இழப்பு மிகச் சிறிதாக இருந்திருக்கும். அதைப் பேரழிவாக்கியது இரண்டாவது ரயில். நின்றுவிட்ட ரயில் பாதுகாப்பாக இருக்கிறது என்பது பயணிகளுக்கு இயல்பாகத் தோன்றும் எண்ணம். ரயில்வேயைப் பொறுத்தவரை, நிற்கக்கூடாத இடத்தில் நிற்கும் ரயில் பாதையின் நடுவே கிடக்கும் தடையாகும்.

இந்திய ரயில்வேயின் பொது விதிகள் இதையே நடைமுறையாக்கியுள்ளன. விபத்தோ தடையோ ஏற்பட்டு, பக்கத்துத் தடம் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே லோகோ பைலட் எஞ்சினின் முகப்பில் உள்ள மின்னும் எச்சரிக்கை விளக்கைப் போட வேண்டும். பிறகு அகலப்பாதையில் 600 மீட்டர் தொலைவில் ஒரு டெட்டனேட்டரும், 1,200 மீட்டர் தொலைவில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று டெட்டனேட்டர்களும் வைக்கப்பட வேண்டும். டெட்டனேட்டர் என்பது தண்டவாளத்தின்மேல் பொருத்தப்படும் சிறு வெடி. சக்கரம் ஏறியதும் பலத்த ஓசையோடு வெடித்து, சிக்னலைப் பார்க்க முடியாத ஓட்டுநரையும் எச்சரிக்கிறது. 1,200 மீட்டர் என்ற அளவு தற்செயலானதன்று. வேகமாக வரும் ரயில் நிற்பதற்குத் தேவையான தொலைவை ஒட்டியே அது வகுக்கப்பட்டுள்ளது. பிரிட்டனில் ஓட்டுநர் தம் அறையிலுள்ள வானொலிக் கருவியின் அவசர அழைப்புப் பொத்தானை அழுத்துகிறார். அதைக் கேட்கும் அப்பகுதியின் மற்ற ஓட்டுநர்கள் அனைவரும் ரயிலை நிறுத்த வேண்டும்.

தகவல் சொல்வது மட்டும் போதாது, அது சென்று சேர்ந்ததா என்று உறுதி செய்ய வேண்டும் என்பதை பிரிட்டனின் மிகக் கொடிய ரயில் விபத்து காட்டுகிறது. 1915 மே 22 காலையில், ஸ்காட்லாந்தின் குவின்டின்ஸ்ஹில் சிக்னல் நிலையத்துக்கு அருகே உள்ளூர் ரயில் ஒன்று முதன்மைத் தடத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அக்காலத்தின் 55ஆம் விதிப்படி, அவ்வாறு நிறுத்தப்பட்ட ரயிலின் பணியாளர் ஒருவர் சிக்னல் நிலையத்துக்குச் சென்று தம் ரயில் அங்கே நிற்பதை நினைவூட்ட வேண்டும். சிக்னல் நெம்புகோலைத் தவறுதலாக இழுத்துவிடாதபடி அதன்மேல் நினைவூட்டு வளையம் மாட்டப்பட்டுள்ளதா என்றும் பார்க்க வேண்டும். அன்று எஞ்சினின் நெருப்பாளர் சென்றார், பதிவேட்டில் கையொப்பமிட்டார், வளையத்தைப் பார்க்காமலே திரும்பிவிட்டார். அந்த ரயிலிலேயே பணிக்கு வந்து இறங்கியிருந்த சிக்னல் பணியாளர், அது வெளியே நிற்பதையே மறந்து, படைவீரர்களை ஏற்றி வந்த ரயிலுக்கு வழிவிட்டார். அந்த மோதலின் சிதைவுகள் மீது சற்று நேரத்தில் லண்டனிலிருந்து வந்த விரைவு ரயிலும் மோதியது. 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விதியின் எழுத்து அன்று நிறைவேறியது, அதன் நோக்கம் நிறைவேறவில்லை. இன்றைய ஓட்டுநர், தாம் யார், எந்த ரயில், சரியாக எந்த இடம், என்ன நேர்ந்தது, எந்தத் தடங்கள் பாதிக்கப்பட்டுள்ளன என்று சொல்லி, எதிர்முனையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகே அழைப்பை முடிக்க வேண்டும் என்று பயிற்றுவிக்கப்படுவதற்கு இத்தகைய பாடங்களே காரணம்.

கேள்வி கேட்பதன் அறிவியல்

ஓட்டுநரைத் தேர்ந்தெடுப்பதற்கு உளவியலைப் பயன்படுத்தும் முயற்சி நூறாண்டுக்கு மேல் பழமையானது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜெர்மானிய உளவியலாளர் ஹியூகோ மன்ஸ்டர்பெர்க், டிராம் ஓட்டுநர்களுக்கான சோதனை ஒன்றை வடிவமைத்து, அதை 1913இல் வெளியான தம் நூலில் விளக்கினார். அட்டை ஒன்றின் நடுவே தண்டவாளத்தைக் குறிக்கும் கோடுகள். அதன் இருபுறமும் எண்கள். 1 என்பது நடந்து செல்பவர், 2 என்பது குதிரை, 3 என்பது மோட்டார் வாகனம். கறுப்பு எண்கள் தண்டவாளத்துக்கு இணையாகச் செல்பவை, சிவப்பு எண்கள் குறுக்கே வருபவை. சோதனைக்கு உட்படுபவர், அட்டைகளைக் கைப்பிடியால் நகர்த்திக்கொண்டே, எந்தச் சிவப்பு எண்கள் தண்டவாளத்தை எட்டும் என்பதை உடனுக்குடன் கூற வேண்டும். இங்கே அளக்கப்படுவது கையின் வேகமன்று. இன்னும் நிகழாததை இப்போதே காணும் திறன். இன்றைய நேர்காணல் கேள்விகளும் அதே திறனைத்தான் சொற்களின் வழியே தேடுகின்றன.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப் படையின் உளவியல் பிரிவில் பணியாற்றிய ஜான் ஃபிளனகன், பொதுவான குணங்களைப் பட்டியலிடுவதை விடுத்து, வெற்றியையோ தோல்வியையோ உண்மையில் தீர்மானித்த குறிப்பிட்ட நிகழ்வுகளைத் திரட்டி ஆராயும் முறையை வளர்த்து 1954இல் வெளியிட்டார். அந்த அடித்தளத்தின் மேல் இரு வகைக் கேள்விகள் எழுந்தன. 1980இல் கேரி லேதமும் உடன் ஆய்வாளர்களும் அறிமுகப்படுத்திய சூழ்நிலைக் கேள்வி, 'இப்படி நேர்ந்தால் என்ன செய்வீர்கள்' என்று வருங்காலத்தைக் கேட்கிறது. 1982இல் டாம் ஜான்ஸ் முன்வைத்த கடந்தகால நடத்தைக் கேள்வி, 'இப்படி நேர்ந்தபோது என்ன செய்தீர்கள்' என்று நடந்ததைக் கேட்கிறது. எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, எத்தகைய விடைக்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்கூட்டியே வரையறுத்துக்கொள்ளும் முறைக்குக் கட்டமைக்கப்பட்ட நேர்காணல் என்று பெயர்.

இந்தக் கட்டமைப்பு எவ்வளவு பயன் தருகிறது என்பதும் அளக்கப்பட்டுள்ளது. நேர்காணல் மதிப்பெண்ணும் பின்னாளைய பணித்திறனும் எந்த அளவுக்கு இணைந்து செல்கின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு, தொடர்பே இல்லையெனில் 0 ஆகவும், முழுமையான தொடர்பு இருந்தால் 1 ஆகவும் இருக்கும். பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பால் சாக்கெட் குழுவினர் 2022இல் வெளியிட்ட கணக்கின்படி, கட்டமைக்கப்பட்ட நேர்காணலுக்கு அது 0.42, மனம்போன போக்கில் நடத்தப்படும் நேர்காணலுக்கு 0.19 மட்டுமே. பேச்சுத் திறனும் தோற்றமும் ஏற்படுத்தும் மயக்கத்திலிருந்து தேர்வாளரைக் காப்பது இந்தக் கட்டமைப்புத்தான். எனவே, ஒரே கேள்வி ஒரே சொற்களில் இயந்திரத்தனமாகக் கேட்கப்படுவதாக விண்ணப்பதாரருக்குத் தோன்றினாலும், அது அவருக்குச் செய்யப்படும் நியாயமே ஆகும்.

அழுத்தத்தின் கீழ் மனம்

நெருக்கடியில் மனித மனம் எப்படி மாறுகிறது என்பதை அறிந்தால், விதிகளும் வரிசைகளும் ஏன் இவ்வளவு வலியுறுத்தப்படுகின்றன என்பது விளங்கும். 1952இல் வில்லியம் ஹிக் செய்த ஆய்வு, தெரிவுகளின் எண்ணிக்கை கூடக் கூட எதிர்வினைக்கு ஆகும் நேரமும் கூடுகிறது என்பதைக் காட்டியது. 1959இல் ஈஸ்டர்புரூக் முன்வைத்த கருத்துப்படி, உணர்ச்சிக் கிளர்ச்சி மிகும்போது கவனத்தின் பரப்பு சுருங்கி, நடுவில் இருப்பது மட்டும் தெரிகிறது, ஓரத்தில் இருப்பவை விலகிப்போகின்றன. கண்ணெதிரே எரியும் தீயை மனம் இறுகப் பற்றிக்கொண்டு, பக்கத்துத் தடத்தில் வரக்கூடிய ரயிலை மறந்துவிடுவது கோழைத்தனத்தாலோ அக்கறையின்மையாலோ அன்று. மனித மூளையின் இயல்பான போக்கே அது. அந்தப் போக்குக்கு எதிராக முன்கூட்டியே அமைக்கப்பட்ட அரண்தான் 'முதலில் நிறுத்து, பிறகு மற்ற ரயில்களைத் தடுத்துச் செய்தி சொல், அதன்பின் மற்றவை' என்னும் வரிசை.

1980களில் தீயணைப்புப் படைத் தலைவர்களை ஆராய்ந்த கேரி கிளைன், அவர்கள் பெரும்பாலும் பல தெரிவுகளை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்பதில்லை, சூழலை முன்பு கண்ட ஒன்றாக இனங்கண்டு அதற்குரிய செயலில் இறங்குகிறார்கள் என்று கண்டறிந்தார். 'இது நேர்ந்தால் இதைச் செய்வேன்' என்று முன்பே உறுதி செய்துகொண்ட திட்டம், உரிய தருணத்தில் செயலை எளிதாக்குகிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. மனத்துக்குள் ஒத்திகை பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் இடையிலான வேறுபாடு நேர்காணல் அறையில் வெளிப்படுவதைப் போலவே ஓட்டுநர் அறையிலும் வெளிப்படும்.

ஒரு கேள்வி, இரண்டு விடைகள்

சுரங்கப் பாதைக்குள் ரயிலில் புகை கிளம்புகிறது என்ற கேள்வியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். உடனே பிரேக் போட்டு நிறுத்தி, தீயணைப்புக் கருவியோடு ஓடுவேன் என்பது பலர் தரும் முதல் விடை. அதில் அக்கறை இருக்கிறது. ஆனால் சுரங்கத்துக்குள் புகை வெளியேற வழியில்லை, மீட்புப் படை வந்துசேரவும் நேரமாகும், இறங்கும் பயணிகள் இருளில் பக்கத்துத் தடத்தில் கால் வைப்பார்கள் என்பவை அதில் இல்லை. இரண்டாவது விடை இவ்வாறு அமையலாம்: ரயில் பாதுகாப்பாக ஓடக்கூடிய நிலையில் இருந்தால் சுரங்கத்தை விட்டு வெளியேறியோ அடுத்த நிலையத்தை அடைந்தோ நிறுத்த முயலுதல், அதற்கிடையே சிக்னல் கட்டுப்பாட்டாளருக்கு அவசர அழைப்பு விடுத்தல், மற்ற ரயில்கள் நிறுத்தப்பட்டதை உறுதி செய்துகொண்டு பயணிகளை வழிநடத்துதல், அவர்களுக்குத் தெளிவான, உண்மையான அறிவிப்பு தருதல். விதி எதுவும் தெரியாத புதியவரிடம் இவ்வளவு நுட்பம் எதிர்பார்க்கப்படுவதில்லை. 'இதற்கென நடைமுறை ஒன்று இருக்கும், அதைப் பின்பற்றுவேன், நிறுத்துமுன் எங்கே நிறுத்துகிறேன் என்று யோசிப்பேன்' என்னும் அளவுக்குச் சொன்னாலே மனத்தின் போக்கு புலப்பட்டுவிடும்.

இந்த விடையும் எல்லாச் சூழலுக்கும் பொருந்துவதன்று என்பதை 1996 நவம்பர் 18 அன்று ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தில் நடந்த தீ விபத்து உணர்த்துகிறது. லாரிகளை ஏற்றிச் சென்ற ரயிலில் தீப்பற்றியபோது, நிற்காமல் மறுமுனைக்குச் சென்றுவிடுவதே திட்டமாக இருந்தது. ஆனால் ரயில் தடம் புரளக்கூடும் என்று பொருள்படும் எச்சரிக்கை விளக்கு எரிந்ததால் ஓட்டுநர் சுரங்கத்துக்குள்ளேயே நிறுத்த நேர்ந்தது. இரு விதிகள் ஒன்றோடொன்று மோதிய அந்தச் சூழலில், நடுவே அமைந்த சேவைச் சுரங்கத்தின் வழியே ரயிலில் இருந்த 34 பேரும் உயிரோடு மீட்கப்பட்டனர். ஆகவே நல்ல விடை என்பது ஒரு செயலைப் பிடிவாதமாகக் கூறுவதன்று. எந்தத் தகவல் கிடைத்தால் முடிவு மாறும் என்பதையும் சேர்த்துக் கூறுவது.

இதற்கு நேர்மாறான துயரம் 2003 பிப்ரவரி 18 அன்று தென்கொரியாவின் டேகு நகரச் சுரங்க ரயிலில் நிகழ்ந்தது. ஒருவர் வைத்த தீயில் ஒரு ரயில் எரிந்துகொண்டிருந்த நிலையத்துக்குள், எதிர்த்தடத்தில் இரண்டாவது ரயில் வந்து நின்றது. மின்சாரம் தடைப்பட்டதால் அதனால் நகர முடியவில்லை. பயணிகள் இருக்கையிலேயே இருக்குமாறு அறிவிக்கப்பட்டது. இறுதியில் ஓட்டுநர் ரயிலின் முதன்மைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறியபோது கதவுகள் மூடிக்கொண்டன. அந்த விபத்தில் இறந்த 192 பேரில் பெரும்பகுதியினர் முதலில் தீப்பற்றிய ரயிலில் இருந்தவர்கள் அல்லர், இரண்டாவது ரயிலில் சிக்கிக்கொண்டவர்கள். எரியும் நிலையத்துக்குள் அந்த ரயில் நுழையாதபடி தடுக்கப்பட்டிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்பதை எண்ணும்போது, 'மற்ற ரயில்களை நிறுத்து' என்ற சொற்றொடரின் கனம் புரியும்.

பயணி மயங்கி விழுந்த கேள்விக்கும் இதே சிந்தனை பொருந்தும். அபாயச் சங்கிலியையோ பொத்தானையோ யாராவது இயக்கியதும் நடுவழியில் நின்றுவிடுவது இயல்பாகத் தோன்றலாம்; ஆனால் மருத்துவ உதவி வந்துசேரக்கூடிய இடம் அடுத்த நிலையத்தின் நடைமேடைதான். அதனால்தான் நவீன ரயில்கள் பலவற்றில், பயணி அபாய அழைப்பை இயக்கினாலும், ரயிலைப் பொருத்தமான இடம்வரை செலுத்தும் வசதி ஓட்டுநருக்கு அளிக்கப்பட்டுள்ளது.

நடந்ததைச் சொல்லும் கலை

கடந்தகால நடத்தைக் கேள்விக்கு விடை சொல்ல, சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்னும் நான்கு படிகள் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. கிடங்கு ஒன்றில் ரசாயனக் கலன் கசிந்ததைப் பற்றிப் பேசும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 'நாங்கள் எல்லோரும் சேர்ந்து சமாளித்தோம்' என்று அவர் முடித்துக்கொண்டால் மதிப்பிடுவதற்கு எதுவும் இல்லை. அவர் தனியாக என்ன செய்தார் என்பது அதில் மறைந்துவிடுகிறது. முதலில் சரக்கு வண்டிகள் அந்தப் பாதையில் வராதபடி வாயிலை அடைத்தார், பிறகு மேற்பார்வையாளரை அழைத்துக் கலனின் எண்ணையும் இடத்தையும் சொன்னார், கசிவை நிறுத்தத் தமக்குப் பயிற்சி இல்லாததால் அதைத் தொடாமல் விலகி நின்றார் என்று கூறுவாரானால், ரயிலே இல்லாத அந்த நிகழ்ச்சியில் ஓட்டுநருக்குரிய மனப்பாங்கு முழுமையாகத் தெரிகிறது. தமக்குத் தெரியாததில் கை வைக்காதிருத்தல் இங்கே குறையன்று, தகுதி.

எதிலும் தவறியதே இல்லை என்று சொல்பவரைவிட, தவறியதை உடனே அறிவித்தவர் ரயில்வேக்கு நம்பத்தக்கவர். சிவப்பு சிக்னலைச் சில மீட்டர் கடந்துவிட்ட ஓட்டுநர் அதை மறைத்தால் அடுத்த ரயிலுக்கு ஆபத்து; உடனே நிறுத்திச் சொன்னால் அது ஆராய்ந்து திருத்தப்படக்கூடிய நிகழ்வு. எனவே, குற்றத்தைப் பிறர்மேல் சுமத்தாமல், விளைவைக் குறைத்துக் காட்டாமல், என்ன மாற்றிக்கொண்டார் என்பதைச் சொல்லும் விடைக்குத் தனி மதிப்பு உண்டு.

நேர்காணலுக்கு ஆயத்தமாகும் ஒருவர், பிறர் எழுதிவைத்த விடைகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு சூழலிலும் மூன்று வினாக்களைத் தமக்குள் எழுப்பப் பழகுவது மேல்: இந்த ஆபத்து இன்னும் யாரைத் தொடக்கூடும், அதை அவர்களுக்கு யார் வழியாகச் சொல்ல வேண்டும், அது சென்று சேர்ந்தது என்பதை எப்படி அறிவது. இந்த வினாக்கள் பழக்கமாகிவிட்டால், கேள்வி எந்த வடிவில் வந்தாலும் விடை தானே உருவாகும். பணியில் சேர்ந்து விதிப்புத்தகத்தைக் கற்கும்போதும் ஒவ்வொரு விதியின் காரணமும் எளிதில் விளங்கும். ஆயிரம் பேரை ஏற்றிச் செல்லும் ஒருவரிடம், அவருடைய ரயிலில் இல்லாத ஆயிரம் பேரின் பாதுகாப்பும் ஒப்படைக்கப்படுகிறது. அந்தப் பொறுப்பை ஏற்கும் மனம் உடையவரைக் கண்டெடுப்பதற்கு மனிதர் இதுவரை வகுத்துள்ள வழிகளுள், நன்கு அமைக்கப்பட்ட ஒரு கேள்வியும் அதற்கு நேர்மையாகச் சொல்லப்படும் விடையும் குறிப்பிடத்தக்கவை.